எருக்குழியில் கிடைத்த மாப்பிள்ளை: ஒரு ஐசோபாட் வளர்ப்புக் கணக்கு

மக்கிய இலைக்கு அடியில் வாழும், பூச்சி மாதிரிச் சின்ன உயிரான ஐசோபாட்களை வீட்டில் டப்பாவில் வளர்க்கிறேன். 2023 ஜூனில் என் டப்பாவில் ஒரு ஊதா நிற ஐசோபாட் தென்பட்டது. பாதாம் இலையைப் புரட்டியபோது, சாம்பல் நிறக் கூட்டத்துக்கு நடுவில் அது மட்டும் மயில்கழுத்துக் கலர் பட்டுப்புடவை மாதிரி மின்னியது. மற்றவையெல்லாம் வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளிந்துகொள்ள, இது அசையாமல் நின்றது. எவ்வளவு தைரியம் என்று நினைத்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டி, வீடியோ எடுத்து, தனி டப்பாவில் ராஜ உபசாரத்தோடு வைத்தேன். ஒன்பதாம் நாள் செத்துப்போயிற்று. அதே வாரம் பழைய டப்பாவில் இன்னும் இரண்டு ஊதா.

அது நிறமே இல்லை, நோய். ஐசோபாட்களைத் தாக்கும் ஒரு இரிடோவைரஸ் இருக்கிறது. அதன் துகள்கள் உடலுக்குள் படிகம் மாதிரி வரிசையாக அடுக்கிக்கொள்வதால் ஒளி சிதறி நீலமாக, ஊதாவாகத் தெரிகிறது. வெளிச்சத்தில் அசையாமல் நின்றதும் தைரியத்தால் அல்ல, நோயால்தான். ஊதாவானது பிழைக்காது. பார்த்தவுடன் பிரித்து எடுத்துவிட வேண்டும். நான் அதே பிரஷ்ஷால் மற்ற டப்பாக்களையும் கிளறிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஏமாற்றம் இன்னும் வேடிக்கை. ஒரு பூச்சியின் முன்பாதி அடர் சாம்பல், பின்பாதி வெளிறிய பால் நிறம், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அதையும் தனி டப்பாவில் வைத்தேன். மறுநாள் காலை முழுக்கச் சாம்பலாகி, உரித்துப்போட்ட தன் தோலையே தின்றுகொண்டிருந்தது. இவை தோலை இரண்டு தவணையாக உரிக்கும். முதலில் பின்பாதி, ஒன்றிரண்டு நாள் கழித்து முன்பாதி. இடைப்பட்ட நேரத்தில் பார்ப்பவன் ஏமாந்துபோவான்.

இந்த இரண்டையும் முதலில் சொல்லக் காரணம், 'எனக்கு அபூர்வக் கலர் கிடைச்சிருக்கு' என்று நண்பர்கள் அனுப்பும் படங்களில் முக்கால்வாசி இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. பொறுத்துப் பார்த்து, இரண்டு முறை தோலுரித்த பிறகும் அதே நிறம் இருந்தால்தான் கணக்கு நோட்டைத் திறக்கலாம்.

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். பூச்சியைப் பற்றி எழுதும்போதும் வரவு செலவு மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐசோபாட் என்பது உண்மையில் பூச்சியே கிடையாது. நண்டு, இறால் குடும்பம். ஏழு ஜோடிக் கால். வாலுக்கு அடியில் இருக்கும் தகடுகளால் மூச்சு விடுகிறது, ஈரம் வற்றினால் மூச்சும் போய்விடும். பெண்ணின் வயிற்றடியில் ஒரு பை உண்டு. முட்டை அதற்குள்ளேயே பொரிந்து, குட்டிகளாக வெளியே வரும். கங்காரு மாதிரி என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிறக்கும்போது குட்டிக்கு ஆறு ஜோடிக் கால்தான், ஏழாவது பிறகு வரும்.

நான் வளர்ப்பது போர்செல்லியோனைடஸ் புரூயினோசஸ். 1833-இல் பிராண்ட் என்பவர் பெயர் வைத்த இனம், இப்போது உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. புரூயினோசஸ் என்றால் லத்தீனில் உறைபனி படிந்தது. நம் ஊரில் உறைபனியை எங்கே பார்க்க? சாம்பல் பூசணியின் மேல் இருக்குமே ஒரு வெள்ளைப் பொடி, அதுதான் இதன் முதுகிலும். விரல் பட்டால் பூசணியில் அழிவது போலவே அழிந்து, அடியில் பழுப்பு தெரியும். அதனால்தான் வளர்ப்பவர்கள் இதைப் பவுடர் புளூ என்கிறார்கள். தொட்டால் உருண்டுகொள்ளும் வகை இல்லை இது. ஓடும். அநியாய வேகத்தில் ஓடும்.

எங்கள் ஊரில் இதற்குத் தனிப் பெயர் எதுவும் நான் கேட்டதில்லை. அம்மா 'எருப்பூச்சி' என்பார். சாணிக் குழியில் நெளியும், ஓடும் எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருக்கும் ஒரே பெயர் அது.

எருக்குழி

2023 நவம்பர், தீபாவளி லீவு. மன்னார்குடிப் பக்கம் அம்மா வீட்டில் கொல்லைப்புற எருக்குழி ஓரத்தில் மக்கிய தென்னங்கீற்றைத் தூக்கினேன். நூற்றுக்கணக்கில் சாம்பல் பூச்சிகள் சிதறி ஓடின. அதில் ஒன்றின் முதுகில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். இடது தோள்பட்டையில் ஒன்று, நடு முதுகில் ஒன்று, வாலுக்கு முன்னால் ஒன்று. மருந்து மாத்திரை டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து சென்னைக்குக் கொண்டு வந்தேன். ஏமாந்த அனுபவம் இருந்ததால் இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. ஒருமுறை தோலுரித்தது. திட்டு அப்படியே, அதே இடத்தில். இன்னொரு முறை. அப்போதும் அப்படியே.

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி, கண்ணாடித் தட்டில் விட்டு அடியிலிருந்து பார்த்தேன். வாலடித் தகடுகளில் முதல் ஜோடி நடுவில் கூர்மையாக நீண்டிருந்தால் ஆண், தகடு தகடாக மட்டும் இருந்தால் பெண். கூர்மை இருந்தது. ஆண். அன்றிலிருந்து அதன் பெயர் மாப்பிள்ளை.

இந்த மாதிரித் திட்டு உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. இதே இனத்தில் ஓரியோ கிரம்பிள் என்று ஒரு திட்டு வகை ஏற்கெனவே விற்பனையில் உண்டு. வேறு இனங்களில் வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷியன், கறவைமாடு மாதிரி இருக்கும் டெய்ரி கவ் என்றெல்லாம் உண்டு. ஆனால் காசு கொடுத்து வாங்குவது வேறு, அம்மா வீட்டு எருக்குழியிலிருந்து பிரித்தெடுப்பது வேறு.

டப்பா

12 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. இரண்டு பக்கமும் சால்டரிங் அயனால் ஓட்டை, உள்பக்கம் டீ வடிகட்டி வலையை வெட்டி குளூ கன்னால் ஒட்டினேன். கோகோபீட் கட்டியை ஊறவைத்து மூன்று முறை அலசிப் பிழிந்தேன். சில கட்டிகளில் உப்பு அதிகம் இருக்கும், அலசாமல் போட்டால் குட்டிகள் தாங்காது. அதோடு மக்கிய முருங்கைக் கட்டையைக் கையாலேயே நொறுக்கிக் கலந்தேன். முருங்கை சீக்கிரம் மக்கிவிடுகிறது, இவற்றுக்கும் அது பிடிக்கிறது. மேலே தெருவில் பொறுக்கிய காய்ந்த பாதாம் இலை, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தது. வேப்பிலை மட்டும் வேண்டாம்.

டப்பாவின் ஒரு மூலை எப்போதும் ஈரம், எதிர் மூலை காய்ந்தது. எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பூச்சியே முடிவு செய்துகொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள், கணவாய் ஓடுதான் அது. ஒரு துண்டு மாதக்கணக்கில் வரும். காரட், பீர்க்கங்காய்த் தோல், வாரம் ஒருமுறை தொட்டி மீனுக்குப் போடும் உணவு ஒரு சிட்டிகை. புரதம் குறைந்தால் தோலுரித்து மெத்தென்று கிடக்கும் கூட்டாளியையே கடித்துவிடும். அதிகம் போட்டால் பூஞ்சையும் உண்ணியும் வரும். பிடிக்க இடுக்கி வேண்டாம், மகளின் வாட்டர் கலர் பிரஷ் போதும்.

இதெல்லாம் இரண்டு நாள் வேலை. கஷ்டம் இதற்கு அப்புறம்தான்.

முதல் தப்பு

மாப்பிள்ளையோடு கொழுத்த சாம்பல் பெண்கள் மூன்றைப் போட்டேன். டிசம்பர் முடிவில் குட்டிகள் வந்தன, 43. பிறந்த குட்டி ரவைக் குருணை மாதிரி வெளிறி இருக்கும். நிறம் ஏற மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை திட்டு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஜனவரி கடைசியில் நிறம் ஏறியது. 43-ம் சாம்பல்.

இதில் எனக்கு ஏமாற்றம் இல்லை. பத்தாம் வகுப்பில் படித்த மெண்டலின் பட்டாணிக் கதை நினைவில் இருந்தது. நெட்டையையும் குட்டையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை, குட்டைத்தன்மை உள்ளே ஒளிந்திருக்கும். பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்று குட்டையாக வெளிவரும். என் திட்டும் அப்படி ஒடுங்கு தன்மையாக இருந்தால், இந்த 43-ஐயும் தங்களுக்குள் கூட விட்டால் போதும், கால்பங்கு திட்டோடு பிறக்கும்.

மாப்பிள்ளை பிப்ரவரியில் செத்தது. தோலுரிக்கும்போது முன்பாதி கழலவில்லை. வயதாகியிருக்கலாம். மல்லிகைத் தொட்டியில் புதைத்தோம்.

மே மாதம் பேரப்பிள்ளைகளுக்கு நிறம் ஏறியது. வெள்ளைத் தட்டில் கொட்டி, ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணினேன். 112. திட்டு போட்டவை 28 இருந்திருக்க வேண்டும். இருந்தது இரண்டு.

இரண்டு என்பது பூஜ்யம் இல்லை. 28-ம் இல்லை. எங்கேயோ கணக்கு உதைக்கிறது என்று ஒரு வாரம் மண்டை காய்ந்தது. விடை அந்த மூன்று கொழுத்த பெண்களிடம் இருந்தது. பெண் ஐசோபாட் ஒருமுறை கூடினால் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த ஈட்டுக்கும் அதையே பயன்படுத்தும். நான் டப்பாவில் போட்டபோதே அவற்றில் பழைய சரக்கு இருந்திருக்கிறது. 43 குட்டிகளில் பெரும்பாலானவை மாப்பிள்ளையின் பிள்ளைகளே இல்லை.

அப்புறம் பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 43-இல் நாலில் ஒரு பங்குதான் அதன் பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், அம்மாவும் அப்பாவும் இருவருமே அப்படிப்பட்டவர்களாக அமைய 16-க்கு ஒரு வாய்ப்பு, அதிலும் நாலில் ஒன்றுதான் திட்டு. ஆக 64-க்கு ஒன்று. 112-ஐ 64-ஆல் வகுத்தால் 1.75. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனபோது வருமே ஒரு நிம்மதி, அது வந்தது. ஆறு மாதம் போனதுதான் மிச்சம்.

ஆகவே கன்னிப் பெண் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். அம்மா அப்பா யாரென்று தெரியாத ஈட்டை எவ்வளவு எண்ணினாலும் ஒன்றும் தெரியாது.

இரண்டு பேர்

அந்த இரண்டையும் அன்றே தனித்தனி டப்பாவுக்கு மாற்றினேன். ஹோட்டலில் பார்சல் சட்னி தருவார்களே, அந்தச் சின்ன மூடி டப்பா. அடியில் கோகோபீட், பாதாம் இலைத் துண்டு, நகக்கண் அளவு கடல் நுரை. இவ்வளவு சின்ன டப்பாவில் ஒரே நாளில் ஈரம் வற்றும், கொஞ்சம் அதிகமாகத் தெளித்தால் குளமாகிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இங்க் ஃபில்லரால் ஒரு ஓரத்தில் மூன்று சொட்டு. சென்னை மே மாதத்தில் ஃபேன் காற்று படாத இடமாகப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ஜூலையில் லென்ஸ் வைத்தேன். ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் ஒரே பாலாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சேர்த்து விட்டேன். ஆகஸ்டில் பெண்ணின் அடிவயிறு மஞ்சளாக உப்பியது. லென்ஸில் பார்த்தால் பைக்குள் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். அப்புறம் ஒரு நாள் காலை டப்பாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தன. 17.

செப்டம்பரில் நிறம் ஏறியது. 17-ம் திட்டு. ஒன்றுகூட முழுச் சாம்பல் இல்லை. ஒடுங்கு தன்மைதான் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கிடையே மிச்சம் 110 சாம்பல் பூச்சிகள் இருந்த பெரிய டப்பா ஹாலில் கிடந்தது. "என்னங்க, இதுலதான் கலர் ஒண்ணும் இல்லையே, தொட்டியில கொட்டிடுங்களேன்" என்றார் மனைவி. நியாயமான கேள்வி. எனக்கே பாதி மனசு இருந்தது. ஆனால் அதில் எதற்குள் திட்டு ஒளிந்திருக்கிறது என்று வெளியே தெரியாது, அதனால் எதையும் கொட்ட மனம் வரவில்லை. சமரசமாக அதைப் பால்கனிக்கு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நாடு கடத்தினேன். மேலே மார்க்கரால் 'சாம்பல்' என்று எழுதினேன்.

எறும்பு சாக்பீஸ்

2024 அக்டோபர், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நான் அலுவலகத்தில் இருந்தபோது புத்தக ரேக்கைத் துடைத்து, ஒழுங்கு செய்து, அதிலிருந்த திட்டு டப்பாவைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டிருக்கிறார். "எறும்பு வரிசை கட்டிப் போச்சுடா. உன் பூச்சியைத் தின்னுடும்னுதான் போட்டேன்."

கோடு டப்பாவுக்கு வெளியேதான் இருந்தது. உள்ளே கொண்டுபோனது என் கை. ராத்திரி வந்து, விளக்கைக்கூடச் சரியாகப் போடாமல், டப்பாவை இழுத்து, மூடியைத் திறந்து, காரட் துண்டு வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விரலில் ஒட்டிய பொடி போதும். அந்த சாக்பீஸில் இருப்பது டெல்டாமெத்ரின் வகை விஷம். பூச்சிக்கு எப்படியோ அப்படித்தான் நண்டு, இறால் குடும்பத்துக்கும். காலையில் காரட்டைச் சுற்றி மல்லாந்து கிடந்தன. சிலவற்றுக்குக் கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், புது கோகோபீட்டுக்கு மாற்றினேன். தாய் போயிற்று, தகப்பன் போயிற்று, 14 குட்டி போயிற்று. இலைக்கு அடியில் தூர மூலையில் கிடந்த மூன்று மட்டும் பிழைத்தன.

அம்மா அன்று காலை டிபன் சாப்பிடவில்லை. "நான் என்ன கண்டேன் தம்பி" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார். எறும்புக்கு எங்கள் பாட்டி காலத்து வைத்தியமே போதும் என்று இப்போது ரேக்கின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும், அது தனி வேலை.

பிழைத்த மூன்றையும் லென்ஸில் பார்த்தேன். மூன்றும் ஆண்.

சாம்பல் டப்பா

அப்போதுதான் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த டப்பாவைத் தூசி தட்டினேன். மூடியைத் திறந்தால் உள்ளே ஊரே இருந்தது, பெரிசும் சிறிசுமாக. 110 பெருகி எவ்வளவோ ஆகியிருந்தது. திட்டு ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன், அன்று ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்த முறை புத்திசாலித்தனமாக, 4 மில்லிமீட்டர்கூட இல்லாத பத்துக் குட்டிகளை எடுத்து, பத்து சட்னி டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டேன். அந்த வயதில் ஆணா பெண்ணா என்று பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தனியாக வளர்ந்தால் பெண்ணெல்லாம் கன்னிதான்.

இரண்டு மாதத்தில் ஒன்று செத்தது, இரண்டு ஆண், ஏழு பெண். பெண் அதிகமாக இருப்பதற்கு வெறும் தற்செயலும் காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த இனத்தில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா, மரபுப்படி ஆணாக வேண்டியதையே பெண்ணாக மாற்றிவிடும் சங்கதி பதிவாகியிருக்கிறது. அது தாய் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும், ஆணால் அதற்குப் பிரயோஜனம் இல்லை. டெங்குக் கொசுவை அடக்கப் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) மையத்தில் கொசுக்களுக்குள் ஏற்றிப் பார்த்தார்களே, அதே பாக்டீரியாதான். ஆகவே எந்த நிற வரிசையிலும் இரண்டு மூன்று ஆணைத் தனியாகக் கையிருப்பு வைத்திருங்கள். எனக்கு நேர்ந்தது நேர்மாறு, கையில் ஆண்தான் மிச்சம். ஆனால் சாம்பல் டப்பாவிலிருந்து பெண் எடுக்கலாம் என்பதால் பிழைத்தேன்.

மூன்று திட்டு ஆண்களையும் ஏழு பெண்களிடம் மாற்றி மாற்றி விட்டேன். ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு ஆண் மட்டும், பத்து நாள், பிறகு வெளியே. இரண்டு பெண்கள் ஈனவே இல்லை. ஐந்து ஈன்றன. 2025 பிப்ரவரியில் நிறம் ஏறியபோது நோட்டில் எழுதியது இது: முதல் டப்பா 14, எல்லாம் சாம்பல். மூன்றாவது 19, சாம்பல். நான்காவது 11, சாம்பல். ஏழாவது 16, சாம்பல். ஆறாவது டப்பாவில் 18, அதில் திட்டு 10, சாம்பல் 8.

அந்த ஆறாம் நம்பர் தாய் பார்க்க மற்ற ஆறு பெண்களைப் போலத்தான் இருந்தாள். முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. ஆனால் பாட்டன் மாப்பிள்ளையின் திட்டு அவளுக்குள் இருந்திருக்கிறது. ஒளிந்திருக்கும் தாயும் வெளியே தெரியும் தகப்பனும் சேர்ந்தால் பாதிக்குப் பாதி வர வேண்டும், வந்தது. 'சாம்பல்' என்று நான் மார்க்கரில் எழுதி ஓரங்கட்டிய டப்பாவின் சரக்கு அவள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லவேளை நான் சொன்னதைக் கேட்கல" என்றார்.

மற்ற நான்கு டப்பாவின் 60 சாம்பல் குட்டிகளைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. தகப்பன் திட்டு, தாய் கன்னி. ஆக 60-ம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் திட்டைச் சுமப்பவை. மாப்பிள்ளையின் முதல் 43-இல் எனக்குக் கிடைக்காத உத்தரவாதம் இது. அதனால் ஒன்றாம் டப்பாப் பிள்ளைகளை மூன்றாம் டப்பாப் பிள்ளைகளோடு, நான்கை ஏழோடு என்று கலந்து விட்டேன். கூடப்பிறந்தவைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் ஈட்டின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் என்ற பயம் இருந்தது. இப்படிக் கலந்தால் கொஞ்சமாவது வேறு ரத்தம் வரும்.

ஜூலை 2025-இல் எண்ணினேன். மொத்தம் 87. திட்டு 23. நாலில் ஒன்று என்றால் 21.75 வர வேண்டும். மெண்டல் உருண்டைப் பட்டாணி 5474, சுருங்கியது 1850 என்று எண்ணினாராம். எண்ணி முடிக்கும்வரை அவருக்கு முதுகு எப்படி இருந்திருக்கும்? எனக்கு 87-க்கே கழுத்து பிடித்துக்கொண்டது. பட்டாணியாவது ஓடாது.

திட்டிலும் தரம்

23-ஐயும் வெள்ளைத் தட்டில் வரிசையாக விட்டுப் பார்த்தபோது இன்னொரு வேலை ஆரம்பமானது. திட்டு என்று ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டு முதுகு ஒன்றுபோல் இல்லை. ஒன்றுக்கு வால் பக்கம் ஒரே ஒரு புள்ளி. ஒன்றுக்கு முதுகில் பாதி வெள்ளை. ஒன்றுக்குத் தலை மட்டும் வெள்ளை, மீதி சாம்பல், விபூதி பூசினது போல. திட்டு வருமா வராதா என்பது ஒரே சாவியில் இருக்கிறது என்றால், எவ்வளவு, எங்கே என்பது அப்படி இல்லை போலிருக்கிறது. பாதி வெள்ளை ஜோடியின் ஈட்டில் அதிக வெள்ளை கொஞ்சம் கூடுதலாக வந்தது, ஆனால் ஒற்றைப் புள்ளிக் குட்டியும் வந்தது. இங்கே நாலில் ஒன்று என்று கோடு போட்டு எண்ண முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் நல்லதைப் பொறுக்கி, மிச்சத்தை ஒதுக்கி, மாடு வாங்குபவன் கண் மாதிரி ஒரு கண் வர வேண்டும்.

ஒதுக்குவதையும் நான் கொட்டுவதில்லை. 'சாம்பல்' டப்பாவுக்குப் பக்கத்தில் 'ஒற்றைப் புள்ளி' என்று இன்னொன்று வந்துவிட்டது. ரேக்கில் இப்போது ஏழு பெரிய டப்பா, பால்கனியில் மூன்று. ஒரே நிற வரிசையை எப்போதும் இரண்டு அறையில் பிரித்து வைக்கிறேன். டப்பாவைத் தொடும் முன் கையைச் சோப்பில்லாமல் இரண்டு முறை கழுவுகிறேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் தனி பிரஷ்.

விபூதித் தலையைத் தனி வரிசையாகப் பிரிக்க முயற்சி நடக்கிறது. இதுவரை மூன்று பெண், ஒரு ஆண். ரத்தம் மாற்றுவதற்கு எருக்குழியிலிருந்து புதுக் குட்டிகள் வேண்டும், தனியாக வளர்த்துக் கன்னியாக்க. பொங்கலுக்குப் போகும்போது எடுத்துக்கொள்கிறேன், அதுவரை குழியை அள்ளிவிட வேண்டாம் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அள்ளலடா. நேத்துக்கூட கீத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒண்ணு ரெண்டு வெள்ளை வெள்ளையா ஓடுது. புடிச்சு வைக்கட்டுமா?"

ஊறுகாய் பாட்டிலில் ஈரப் பஞ்சு வைத்து, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு வைக்கச் சொன்னேன். மறுநாளே சாம்பலாகிவிட்டால் திரும்பக் குழியிலேயே விட்டுவிடவும் சொன்னேன். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார். ஒன்று சாம்பலாகிவிட்டதாம். இன்னொன்று இன்னும் அப்படியே இருக்கிறதாம்.